28 ஹோம் ரன்கள் மட்டுமே அடித்த ஆஸி ஸ்மித்துக்கு ஏன் இத்தனை மரியாதை?

கேள்வி: ஊருக்குப் புதியவன்

வேலை நிமித்தமாக செயின்ட் லூயிஸ் நகருக்குக் குடிவந்து ஓராண்டு ஆகிறது. இங்குள்ள பேஸ்பால் அணியான கார்டினல்ஸின் புஷ் ஸ்டேடியத்துக்கு வெளியே பழைய வீரர்களின் வெண்கலச் சிலைகளை வைத்திருக்கிறார்கள். ஸ்டான் மியூசியல் மட்டையோடு நிற்கிறார்; பாப் கிப்சன் பந்து வீசுகிறார். அவர்களுக்கு நடுவே ஒரு சிலை மட்டும் காலூன்றி நிற்காமல், உடல் தரைக்கு இணையாக நீள, கையுறையை நீட்டியபடி காற்றில் பாய்கிறது. ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டிங் இடத்தில் ஆடிய ஆஸி ஸ்மித்தான் அவர் என்று உடன் வந்த நண்பர் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அவருடைய கணக்கைப் பார்த்தேன். 1978 முதல் 1996 வரை 19 பருவங்கள் ஆடியிருக்கிறார். மட்டைச் சராசரி .262, பந்தைச் சுவரைத் தாண்டி அடிக்கும் ஹோம் ரன்கள் மொத்தமே 28. ஒரே பருவத்தில் அதைவிட அதிகமாக அடிப்பவர்கள் இன்று பல அணிகளில் இருக்கிறார்கள். ஆனாலும் 2002-இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, வாக்களித்த எழுத்தாளர்களில் 91.7 சதவீதத்தினர் அவரை பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான். ஃபீல்டிங் நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரை இவ்வளவு உயரத்தில் வைத்து நான் பார்த்ததில்லை. இந்த இடத்தில் நிற்பவருக்கு அப்படி என்ன வேலை, அதை இவர் அப்படி என்ன செய்துவிட்டார் என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.


பதில்: இரண்டாம் பேஸ்

முதலில் ஷார்ட்ஸ்டாப்பின் இடத்தைப் புரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும். அவர் நிற்பது, அடித்தவர் வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய பேஸ்களில் இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் இடையில். வலக்கை மட்டையாளர்களே எண்ணிக்கையில் அதிகம். அவர்கள் முழு வேகத்தில் சுழற்றி அடிக்கும்போது பந்து பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான் தரையில் உருண்டு வருகிறது. அடித்தவர் முதல் பேஸை அடைய ஓட வேண்டிய தூரம் 90 அடி. அதை அவர் ஏறக்குறைய நான்கரை வினாடிக்குள் ஓடிவிடுவார். அந்த நான்கரை வினாடிக்குள் ஷார்ட்ஸ்டாப் பந்து போகும் திசையை ஊகித்து நகர்ந்து, குனிந்து எடுத்து, கையுறையிலிருந்து வலக்கைக்கு மாற்றி, கால்களைத் திருப்பி, மைதானத்தின் மறுகோடியில் இருக்கும் முதல் பேஸுக்கு 35 மீட்டருக்கும் மேல் எறிந்தாக வேண்டும். இவற்றில் எந்த ஒன்றில் அரை வினாடி தாமதித்தாலும் ஓடியவர் பிழைத்துவிடுவார்.

இப்படி எடுத்து எறிந்து, மறுமுனையில் இருப்பவர் மூலம் ஒருவரை அவுட் ஆக்கினால் அதை அசிஸ்ட் என்று கணக்கில் எழுதுவார்கள். 1980-இல் சான் டியேகோ பாட்ரஸ் அணிக்கு ஆடிய ஸ்மித் ஒரே பருவத்தில் 621 அசிஸ்டுகள் செய்தார். அதற்கு முன் ஷார்ட்ஸ்டாப்புகளில் யாரும் தாண்டாதிருந்த அளவு, 1924-இல் கிளென் ரைட் செய்த 601. அந்தப் பருவத்தில் ஸ்மித் 158 ஆட்டங்கள் ஆடினார் என்பதால், ஆட்டத்துக்கு ஏறத்தாழ நான்கு பேரை அவருடைய கை மட்டுமே வெளியே அனுப்பியிருக்கிறது என்று பொருள். வாழ்நாள் கணக்கில் அவருடைய 8,375 அசிஸ்டுகளை எந்த ஷார்ட்ஸ்டாப்பும் இன்றுவரை எட்டவில்லை; லூயிஸ் அபரிசியோ 8,016-இல் நின்றுவிட்டார்.

புதிதாகப் பார்ப்பவர்கள் வழக்கமாக ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எரர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஃபீல்டரை எடைபோடுவதுதான் அது. பந்தைத் தொட்டுத் தவறவிட்டால் எரர் எழுதுவார்கள். பந்தை எட்டவே முடியாமல் நின்ற இடத்தில் நின்றவருக்கு எதுவும் எழுத மாட்டார்கள். ஆகவே சோம்பலான கால்களை உடையவரின் ஏடு சுத்தமாகவே இருக்கும். ஸ்மித்தின் உண்மையான மதிப்பு, மற்றவர்கள் அணுகவே முடியாத பந்துகளை அவர் போய்ச் சேர்ந்ததில் இருக்கிறது. அவர் எடுக்காவிட்டால் எதிரணிக்கு ஒரு ஹிட் (அடித்தவர் பேஸைப் பத்திரமாக அடைவது), அடுத்து ஒரு ரன் என்று போயிருக்க வேண்டியவை அவை. அடித்த ரன்னைப் பலகையில் எழுதுகிறார்கள். கொடுக்காமல் காத்த ரன்னை எழுதுவதற்குப் பலகை கிடையாது. 1980 முதல் 1992 வரை ஓராண்டும் விடாமல் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் விருதுகள் 13-ஐ அவருக்குக் கொடுத்தது, அந்த எழுதாத கணக்கை ஏற்றுக்கொண்டதாகவே எனக்குப் படுகிறது.


பதில்: மூத்த ரசிகன்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால், ஃபீல்டிங்குக்காக மட்டும் கொண்டாடப்பட்டவர் என்ற பேச்சை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவருடைய மட்டையின் வரலாறு தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று.

சான் டியேகோவில் அவர் உண்மையிலேயே பலவீனமான மட்டையாளர்தான், 1979-இல் சராசரி .211, 1981-இல் .222. 1982 பருவத்துக்கு முன் கேரி டெம்பிள்டனைக் கொடுத்து அவரை செயின்ட் லூயிஸுக்கு வாங்கினார் மேலாளர் வைட்டி ஹெர்சாக். டெம்பிள்டனும் ஷார்ட்ஸ்டாப்தான், மட்டையில் ஸ்மித்தைவிடப் பல மடங்கு உயர்ந்தவர் என்பதால், இந்த மாற்றத்தை அன்று பலர் கைப்பொருளைக் கொடுத்து வெறும் கையுறையை வாங்கியதாகவே கருதினார்கள். ஹெர்சாக்கின் கணக்கு வேறு. அன்றைய புஷ் ஸ்டேடியம் செயற்கைப் புல்தரை. அதில் உருளும் பந்து மின்னல் வேகத்தில் ஓடும், ஹோம் ரன் அடிப்பது கடினம். எனவே வேகமான கால்களையும் நல்ல ஃபீல்டர்களையும் வைத்தே அணியைக் கட்டினார். 1982-இல் அந்த அணி முழுவதும் சேர்ந்து அடித்த ஹோம் ரன்கள் 67 மட்டுமே. அந்த ஆண்டு வேறு எந்த அணியும் அதைவிடக் குறைவாக அடிக்கவில்லை. அந்த அணிதான் மில்வாக்கி ப்ரூவர்ஸை ஏழு ஆட்டங்களில் வென்று, பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரைக் கைப்பற்றியது.

ஹெர்சாக் ஸ்மித்திடம் ஒரு பந்தயம் கட்டினார். பந்தைத் தூக்கி அடித்தால் ஸ்மித் ஒரு டாலர் தர வேண்டும். தரையோடு அடித்தால் ஹெர்சாக் ஒரு டாலர் தருவார். தூக்கி அடித்தால் எளிதில் பிடிபடும் வலிமைதான் ஸ்மித்துக்கு இருந்தது. தரையோடு அடித்தாலோ அவருடைய ஓட்டம் துணைக்கு வரும். அதன் பலன் மெல்ல மெல்லத் தெரிந்தது. 1985-இல் .276, 1986-இல் .280, 1987-இல் .303. அந்த 1987 பருவத்தில் ஒரு ஹோம் ரன்கூட அடிக்காமல் தன் அடிகளால் அணிக்கு 75 ரன்கள் கிடைக்கச் செய்தார், யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடி 43 பேஸ்களைத் திருடினார், தேசிய லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கான வாக்கெடுப்பில் ஆண்ட்ரே டாசனுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தார். வாழ்நாளில் 2,460 ஹிட்டுகளும் 580 திருட்டு பேஸ்களும் எடுத்தவரை மட்டை தெரியாதவர் என்று எப்படிச் சொல்வது?

அந்த 28 ஹோம் ரன்களைப் பற்றிக் கேட்டீர்கள். செயின்ட் லூயிஸ் மக்கள் மறக்காத ஒன்றை இதோ சொல்கிறேன். 1985 அக்டோபர் 14, லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு எதிரான தேசிய லீக் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம். தொடர் 2-2, ஆட்டமும் 2-2, வழக்கமாகக் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ். ஸ்மித் வலக்கை, இடக்கை என இரு பக்கமும் நின்று அடிப்பவர். அன்று எதிரே இருந்த டாம் நீடன்ஃபூயர் வலக்கையால் பந்து வீசும் பிட்சர் என்பதால் இடக்கைப் பக்கம் நின்றார். பெரிய லீகில் (மேஜர் லீக்) அதுவரை இடக்கைப் பக்கம் நின்று மூவாயிரம் முறைக்கு மேல் ஆடியும் அவர் ஒரு ஹோம் ரன்கூட அடித்ததில்லை. உடம்பை ஒட்டி வந்த வேகப்பந்தை அவர் சுழற்றி அடிக்க, அது வலப்பக்கக் கோட்டை ஒட்டியே பறந்து சுவரைத் தாண்டியது. ஆட்டம் அங்கேயே முடிந்தது. வானொலியில் வர்ணனையாளர் ஜாக் பக், பைத்தியம் பிடித்ததுபோல் ஆடுங்கள் மக்களே என்ற பொருளில் கத்தியதை இந்த ஊரில் இன்றும் குழந்தைகள்கூடச் சொல்லிக் காட்டுவார்கள்.


பதில்: ஷார்ட்ஸ்டாப்பின் தாய்

என் மகன் பள்ளி அணியில் இதே இடத்தில் ஆடுகிறான் என்பதால் ஸ்மித்தின் கதையைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அலபாமாவில் மொபைல் நகரில் பிறந்து, ஆறு வயதில் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதிக்கு வந்த குடும்பம் அவருடையது. 1965 கலவரத்தின்போது துப்பாக்கிச் சூட்டுக்கு அஞ்சி வீட்டில் எல்லோரும் தரையில் படுத்துத் தூங்கினார்கள். அந்தச் சிறுவன் சிமென்ட் படிக்கட்டில் பந்தை எறிந்து, அது தெறித்துவரும்போது பிடிப்பான். பழகப் பழக ஒவ்வோர் அடியாகப் படிக்கட்டை நெருங்குவான். மல்லாந்து படுத்து, பந்தை மேலே போட்டு, கண்களை மூடிக்கொண்டு பிடிக்கவும் முயல்வான். சொல்லிக்கொடுக்க யாரும் நிற்கவில்லை. பந்து எங்கே தெறிக்கும் என்பதை அவனுடைய கையே கற்றுக்கொண்டது.

1978 ஏப்ரல் 20 அன்று, பெரிய லீகுக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், அட்லாண்டாவின் ஜெஃப் பரோஸ் அடித்த பந்து இரண்டாம் பேஸை நோக்கி வந்தது. ஸ்மித் தன் இடப்பக்கமாகப் பாய்ந்தார். கையுறையும் அந்தப் பக்கம் நீண்டுவிட்டது. அதற்குள் பந்து தரையில் பட்டு, அவர் எதிர்பார்த்ததற்கு மாறாகப் பின்புறம் துள்ளியது. உடல் காற்றில் இருக்கும்போதே வெறும் வலக்கையைப் பின்னால் நீட்டி அதைப் பிடித்து, தரையில் விழுந்த கையோடு எழுந்து, முதல் பேஸுக்கு எறிந்து பரோஸை அவுட் ஆக்கினார். அந்தக் காட்சியை மகனுக்குப் பத்து முறையாவது மெதுவாக ஓட்டிக் காட்டியிருப்பேன். ஒவ்வொரு முறையும் நான் பார்ப்பது அந்த வலக்கையைத்தான். யோசித்துச் செய்ய அங்கே நேரமே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1985 ஜூலையில் அவருடைய வலத்தோள் தசைநாரில் கிழிசல் ஏற்பட்டது. அறுவைச் சிகிச்சை செய்தால் பருவம் போய்விடும் என்று அதைத் தவிர்த்து, எடைப் பயிற்சியால் தோளைத் தேற்றி, எறியும் முறையை மாற்றிக்கொண்டு ஆடினார். அவருடைய எறிதல் முதலிலிருந்தே பெரும் வேகமுடையதல்ல; பந்தை விரைவாக விடுவதாலேயே அந்தக் குறையை ஈடுசெய்தார். மேலே நண்பர் சொன்ன அக்டோபர் ஹோம் ரன்னும், அதற்குப் பின் கிடைத்த கோல்டு கிளவ்களும் அந்தத் தோளோடு வந்தவை. வலியோடு ஆடு என்று என் மகனிடம் நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் பலம் குறைந்தபோது வேறு வழி தேடிய அந்தப் புத்தியை அவன் கற்றுக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.


கேள்வி கேட்டவர்: ஊருக்குப் புதியவன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்று மட்டும் கேட்கிறேன்: இப்படிப்பட்டவர் கடைசியில் எப்படி விடைபெற்றார்?


பதில்: மூத்த ரசிகன்

வருத்தத்தோடுதான். 1996-இல் புதிய மேலாளராக டோனி லா ருசா வந்தார்; ராய்ஸ் கிளேட்டன் என்ற இளைஞரையும் அணி ஷார்ட்ஸ்டாப்பாகக் கொண்டுவந்தது. தான் இடத்தை இழந்த விதம் நியாயமில்லை என்று ஸ்மித் கருதினார்; அந்த மனக்கசப்பு நெடுங்காலம் ஆறவில்லை. 41 வயதில், பாதிப் பருவமே, அதாவது 82 ஆட்டங்களே கிடைத்தும் சராசரி .282 வைத்திருந்தார் என்பதைப் பார்த்தால் அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. அதே வேளையில் கிளேட்டனுக்கு இடம் கொடுத்த மேலாளரின் கடமையையும் என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. பருவத்தின் நடுவிலேயே ஓய்வை அறிவித்துவிட்டு, சிறந்த வீரர்களைத் தேர்ந்து ஆண்டுதோறும் நடத்தும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் 15-ஆவது முறையாக ஆடினார். எதிரணி ஊரான பிலடெல்ஃபியாவில் மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். செப்டம்பர் 28 அன்று கார்டினல்ஸ் அணி அவருடைய 1-ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்தது. அடுத்த முறை ஸ்டேடியத்துக்குள் போகும்போது சுவரில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.