மறு: தரைமோதல் - சில திருத்தங்கள், கூடவே ‘ஊமைக்காயம்’

நண்பர்களுக்கு வணக்கம். விமானப் பராமரிப்புக்கு நாம் தொகுக்கிற தமிழ்ச் சொற்பட்டியல் பற்றி வந்த மடல்களுக்கு என் பதில் இது.

> விமானங்கள் தரையில் ஒன்றையொன்று இடித்துக்கொள்வதற்குத் ‘தரைமோதல்’ போதாதா?

போதாது ஐயா. ‘தரைமோதல்’ என்று தலைப்பில் பார்த்தால், விமானம் விழுந்து தரையில் மோதியதாகத்தான் எல்லோரும் படிப்பார்கள். ‘தரையோட்ட மோதல்’ என்று நேற்று வந்த திருத்தம் நன்றாக இருக்கிறது. 2011 ஏப்ரலில் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் ஏர் பிரான்சின் ஏ380 ஊர்ந்து போகும்போது, அதன் இறக்கை நுனி ஒரு சிறிய கோம்ஏர் விமானத்தின் வாலில் பட்டு, அந்த விமானத்தையே சுழற்றித் திருப்பிவிட்டது. அது தரையோட்ட மோதல். நிற்கிற விமானத்தைப் பெட்டி ஏற்றும் வண்டியோ சாப்பாட்டு வண்டியோ வந்து இடித்தால் அங்கே விமானம் ஓடவே இல்லை. அதற்கு ‘நிறுத்திட மோதல்’ என்று தனிச்சொல் வைப்போம். விபத்துகளை வகைப்படுத்துகிறவர்களும் இவ்விரண்டையும் தனித்தனியாகத்தான் வைக்கிறார்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இடித்த பிறகு விமானத்தில் என்ன ஆகிறது என்பதற்கான சொல்.

> ‘கட்புலனுக்கு அரிதான தாக்கச் சேதம்’ என்று பட்டியலில் சேர்த்துவிடலாம்.

பொருள் சரி. ஆனால் இரவு இரண்டு மணிக்கு விமானத்தின் வயிற்றடியில் டார்ச்சோடு நிற்கிறவர் வாயில் இது வராது.

அலுமினிய விமானத்தை வண்டி இடித்தால் ஒடுக்கு விழும். பித்தளைக் குடத்தில் விழுமே, அதே ஒடுக்குதான். கண்ணுக்குத் தெரியும், ஆழத்தை அளக்கலாம், பழுதுபார்ப்புக் கையேடு தருகிற வரம்போடு ஒப்பிடலாம். போயிங் 787, ஏ350 போன்றவற்றின் கட்டமைப்பு எடையில் ஏறக்குறைய பாதி கரியிழைக் கலப்புப் பொருள், அதாவது கார்பன் இழை அடுக்குகளைப் பிசினால் ஒட்டிச் செய்தது. வண்டியின் ரப்பர் பம்பர் அதை அழுத்தினால், விமானத்தின் தோல், அதாவது வெளிப்பரப்பு, உள்வாங்கிவிட்டுப் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடக்கூடும். பெயின்ட்கூடக் கீறியிருக்காது. உள்ளேயோ அடுக்குகள் பிரிந்திருக்கலாம், தோலைத் தாங்கும் சட்டம் விரிசல் விட்டிருக்கலாம்.

வெளியே ரத்தம் வராமல் உள்ளுக்குள்ளேயே வலிக்கிற அடியை நாம் வீட்டில் என்ன சொல்கிறோம்? ஊமைக்காயம். நாம் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை, இருக்கிற சொல்லை எடுத்து வைத்தால் போதும்.

பயிற்சிக் காலத்தில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் ஒரு நாணயத்தை இரண்டு விரலில் பிடித்து, இறக்கையின் பின்விளிம்பில் ‘டிக், டிக்’ என்று தட்டிக்கொண்டே அங்குலம் அங்குலமாக நகர்வார். சத்தம் தெளிவாக வந்துகொண்டே இருக்கும். ஓரிடத்தில் ‘டொக்’ என்று அடங்கும். அங்கே நிறுத்தி, நாலு பக்கமும் தட்டி, ‘டொக்’ எதுவரை கேட்கிறதோ அதுவரை மெழுகுப் பென்சிலால் வட்டம் போடுவார். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிற அதே காதுதான். இதற்குத் ‘தட்டொலிச் சோதனை’ என்று பெயர் வைக்கலாம். மெல்லிய தோலுக்கும் தேன்கூட்டு அமைப்புக்கும் இது உதவும். தடித்த தோலுக்கு மீயொலிக் கருவி வேண்டும்.

‘காயம் உயிருள்ளதற்குத்தானே’ என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். விமானத்துக்கு மூக்கு, வால், வயிறு, இறக்கை எல்லாம் கொடுத்துவிட்டோம், காயத்தையும் தாராளமாகக் கொடுக்கலாம்.

‘ஊமை’ என்ற சொல் பேச இயலாதவர்களைப் புண்படுத்தும் என்று எழுதிய தோழியின் மறுப்பைத்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்வது நியாயம். இங்கே அது ஆளைக் குறிக்கவில்லை, அடியைத்தான் குறிக்கிறது என்பதால் எனக்கு இன்னும் ஊமைக்காயமே முதல் விருப்பம். குழு ஏற்காவிட்டால் ‘மறைகாயம்’ என்று வைப்போம். ‘உள்காயம்’ மட்டும் வேண்டாம். வெளியே தடயம் இல்லை என்ற செய்தி அதில் விட்டுப்போகிறது.

ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு? 2005 டிசம்பர் 26 அன்று சியாட்டிலில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் எம்டி-83 ரக விமானம் ஒன்றை ஊழியர் ஒருவர் வண்டியால் இடித்துவிட்டு, உடனே யாரிடமும் சொல்லவில்லை. விமானம் கிளம்பிப் போய், ஏறத்தாழ 26,000 அடி உயரத்தில் உடலில் ஓரடி நீளம், அரையடி அகலத்துக்கு ஓட்டை விழுந்து, உள்ளே காற்றழுத்தம் இறங்கியது. நல்லவேளை, பத்திரமாகத் திரும்பி இறங்கினார்கள். அது அலுமினியம், தேடிப் பார்த்திருந்தால் அடிபட்ட இடம் தெரிந்திருக்கும். கரியிழையில் அதுவும் தெரியாமல் போகலாம், இடித்தவர் வாய்திறந்து சொன்னால்தான் உண்டு. ‘சேதம் ஏதாவது உண்டா?’ என்று கேட்டால், கீறலே இல்லாத தோலைப் பார்த்து ‘இல்லை’ என்றுதான் சொல்வார். ‘ஊமைக்காயம் பட்டிருக்குமா?’ என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

அப்புறம், பழுதுபார்ப்புச் சொற்கள். மேலே ஒரு தகட்டை வைத்து ஆணி அறைவதற்கு ‘மேலொட்டு’ சரி. கரியிழையில் கெட்ட அடுக்குகளைச் சரிவாகச் சீவி எடுத்து, அடுக்குக்கு அடுக்கு புதிது வைத்து ஒட்டுவார்கள். அதற்குச் ‘சரிவொட்டு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் நிறையவில்லை. இரண்டு மரத்துண்டுகளின் முனைகளைச் சாய்வாகச் சீவி நீளவாக்கில் இணைப்பதற்குத் தச்சர்களிடம் கட்டாயம் ஒரு சொல் இருக்கும். படகு கட்டுகிறவர்களிடமும் இருக்கும். அவர்களோடு பழக்கம் உள்ளவர்கள் கேட்டு எழுதுங்கள், அதுவரை அந்த வரியைக் காலியாகவே விடுகிறேன்.