தொட்டிச் செங்காந்தளை எப்போது மாற்றி நடலாம்?

நண்பர்களே, மொட்டைமாடியில் வளரும் செங்காந்தள் பூத்து ஓய்ந்து, கொடி மஞ்சளாகிக் காய்ந்துவருகிறது. தொட்டி சிறியது; உள்ளே கிழங்கு விளிம்பை முட்டிக்கொண்டிருக்கும். பெரிய தொட்டிக்கு இப்போதே மாற்றலாமா, கொடி முழுவதும் காய்ந்தபின்தானா? கலப்பை போல் வளைந்த கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கிறது. தோண்டும்போது அது ஒடிந்துவிட்டால் அடுத்த மழைக்குக் கொடி எழாது என்பதே என் பெரிய கவலை.

செம்மண்ணோடு மணல் எவ்வளவு கலக்கிறீர்கள்? உறக்கக் காலத்தில் தண்ணீரை அறவே நிறுத்துகிறீர்களா? கிழங்கில் கோல்சிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு, வீட்டில் குழந்தையும் இருக்கிறது. அதனால் கையுறையோடுதான் தொடுவேன். வேலியோரங்களில் அருகிவரும் கொடி, இழக்க மனமில்லை. வளர்த்தவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.