நாலு மணி டீக்கு ஒரு துணை வேண்டும்

சிகரெட்டை விட்டு இன்றோடு 19 நாள். வயது 38, 16 வருடப் பழக்கம், ஒரு நாளைக்கு 12. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை.

காலையில் தொல்லையே இல்லை. நாலு மணி டீக்கு வெளியே போனால்தான் கண்டம். கடைக் கம்பத்தில் கயிறு புகைந்துகொண்டிருக்கும். கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது.

2 மி.கி. நிக்கோடின் சூயிங்கம் மெல்கிறேன். புகையிலைப் பழக்கத்தைக் கைவிட உதவும் 1800-11-2356 இலவச எண்ணிலும் பேசினேன், பொறுமையாக வழி சொன்னார்கள். ஏலக்காய், கிராம்பு எல்லாம் ஆயிற்று. போன வருடம் இரண்டு தடவை விட்டுப் பார்த்தேன், இரண்டு தடவையும் மூன்றாம் வாரத்தில்தான் விழுந்தேன். அதுவரை தாங்கியதே என்னோடு சேர்ந்து சிகரெட்டை விட்ட வெல்டர் அண்ணனால்தான். "பத்து நிமிஷம் பொறுடா" என்பார். அவர் ஊரோடு போய்விட்டார். வீட்டில் சொன்னால் திட்டுதான்.

அம்பத்தூர், ஆவடி பக்கம் இப்போது விட்டுக்கொண்டிருப்பவர், தினமும் நாலு மணிக்கு ஐந்து நிமிடம் போனில் பேச யாராவது இருக்கிறீர்களா?