விடுதியில் இருக்கும் குழந்தைக்குப் படம் வரைந்த உறை: மழையில் அழியாமல் போய்ச்சேர என்ன செய்யலாம்?

சேலத்து அத்தை:

அனைவருக்கும் வணக்கம். எட்டு வயதான என் தம்பி மகள் கடந்த ஜூன் முதல் ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மாதம் ஒரு முறைதான் பார்க்க முடியும் என்பதால் வாரந்தோறும் கடிதம் எழுதி, உறையின் மேல் கையால் ஒரு படமும் வரைந்து அனுப்புகிறேன். அக்டோபரில், கொண்டையூசி வளைவில் ஒரு காட்டெருமை பேருந்தை மறித்து நிற்பதை ஸ்கெட்ச் பேனாவால் உறை முழுவதும் வரைந்து, அதன் முதுகுக்கு மேலே இருந்த சிறிய இடத்தில் அதே பேனாவால் முகவரியை எழுதினேன். ஒன்பது நாள் கழித்து அது என் வீட்டுக்கே திரும்பி வந்தது. மழையில் மை ஓடி, ஊர்ப் பெயரும் எண்ணும் காட்டெருமையின் உடலோடு கரைந்து போயிருந்தன. பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய என் முகவரி மட்டும் அப்படியே இருந்தது. "இந்த வாரம் ஏன் அத்தை கடிதம் வரவில்லை?" என்று குழந்தை தொலைபேசியில் கேட்டபோது மனம் மிகவும் வலித்தது. எந்த மை, எந்தத் தாள் ஏற்றது? முகவரிக்கு எவ்வளவு இடம் விடவேண்டும்?

ஓய்வுபெற்ற தபால் ஊழியர்:

சகோதரிக்கு வணக்கம். படம் இருக்கிறது என்பதற்காக உறையை யாரும் மறுப்பதில்லை. முகவரியைத் தேட வைத்தால்தான் சிக்கல். உறையின் முன்பக்கத்தை நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். வலப்பாதியில் மேல் மூலை அஞ்சல்தலைக்கும் முத்திரைக்கும், அதன் கீழே முகவரிக்கும் வெறுமையாக இருக்கட்டும். இடப்பாதியும் பின்பக்கமும் உங்களுடையவை. காட்டெருமையின் தலையை முன்பக்கம் வரைந்து, உடலை இடது மடிப்பைத் தாண்டிப் பின்பக்கம் கொண்டுசெல்லுங்கள். குழந்தை உறையைத் திருப்பும்போது வால் கிடைக்கும்.

பின்கோடு எண்ணைப் பெரிதாக, இடைவெளி விட்டு எழுதுங்கள். 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் உள்ள அந்த ஆறு இலக்கங்களில் 636 என்பது கடிதத்தைச் சேலம் வட்டாரத்துக்குக் கொண்டுவரும். அடுத்துள்ள 601 ஏற்காட்டுக்கு அனுப்பும். உங்கள் உறையில் ஊர்ப் பெயர் அழிந்திருந்தாலும் 636601 மட்டும் தெளிவாக இருந்திருந்தால் அது மலையேறியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

எடையையும் கவனியுங்கள். சாதாரணக் கடிதத்துக்கு 5 ரூபாய் அஞ்சல்தலை 20 கிராம் வரைதான் செல்லும். 80 ஜிஎஸ்எம் (அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று 5 கிராம் இருக்கும். படம் நன்றாக வரும் என்று 200 ஜிஎஸ்எம் தாளில் உறை செய்தால் அதுவே பன்னிரண்டரை கிராம் ஆகிவிடும். உள்ளே இரண்டு தாள் வைத்தால் வரம்பைத் தாண்டும். குறையும் தொகையைப் போல் இரண்டு மடங்கைப் பெறுபவரிடம் கேட்பார்கள்; விடுதிக் குழந்தைக்கு அந்த நிலை வரக்கூடாது.

ஓவிய ஆசிரியை, அஸ்தம்பட்டி:

உங்கள் கேள்விக்கான விடை திரும்பி வந்த உறையிலேயே இருக்கிறது. ஸ்கெட்ச் பேனாவின் மை நீரில் கரைந்த சாயம். காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் மறுபடி ஓடும். பால்பாயின்ட் பேனாவின் மை எண்ணெய் கலந்தது என்பதால்தான் உங்கள் முகவரி தப்பியது. ஆகவே முகவரிக்குப் பால்பாயின்ட், படத்தின் கோடுகளுக்கு நீரில் கரையாத கறுப்பு மை, வண்ணத்துக்குக் கலர் பென்சில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்டர் கலரும் ஈரத்தில் மீண்டும் கரையும். கிரேயான் கரையாது, ஆனால் அதன் மெழுகின் மேல் முத்திரை மை பிடிக்காது, அஞ்சல்தலையும் ஒட்டாது. ஜிகினா உதிர்ந்து மற்றவர்களின் கடிதங்களில் ஒட்டும் என்பதால் அதை வேண்டாம் என்பேன்.

எந்தப் பேனாவையும் முதலில் வேறு தாளில் எழுதிக் காயவிட்டு, நனைத்த விரலால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். எல்லாம் முடிந்த பின், அஞ்சல்தலை ஒட்டும் மூலையை மட்டும் விட்டுவிட்டு, வெள்ளை மெழுகுவத்தியை முகவரியின் மேல் அழுத்தாமல் இரண்டு முறை தேய்த்தால், மேலே விழும் தூறல் முத்து முத்தாக உருண்டு போய்விடும்.

மலையில் படித்தவள்:

நானும் ஏற்காட்டில் விடுதியில் வளர்ந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன். கடிதங்களை எல்லோர் முன்னிலையிலும் கொடுப்பார்கள். உறையில் படம் இருந்தால் பத்துத் தலைகள் சூழ்ந்துகொள்ளும். ஆகவே குழந்தைக்கு மட்டும் சொல்லவேண்டியதை உள்ளே எழுதுங்கள். என் தாத்தா வாரந்தோறும் எங்கள் கொல்லைப்புற மாமரத்தை மட்டுமே வரைவார். தையில் பூ, மாசியில் பிஞ்சு, சித்திரையில் மல்கோவா. அந்தப் பழம் தொங்கிய உறை வந்துவிட்டால் விடுமுறை நெருங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். மலையில் இருப்பவளுக்கு மலையைவிட, வீட்டு வாசலில் இன்று என்ன நடக்கிறது என்பதே பெரிய செய்தி.

உங்கள் முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய வெற்று உறை ஒன்றையும் மடித்து உள்ளே வையுங்கள். அவளும் வரைந்து அனுப்புவாள்.

சேலத்து அத்தை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அதே காட்டெருமையை மீண்டும் வரைந்தேன். தலை முன்பக்கம், வால் பின்பக்கம். இம்முறை அது எங்கள் வீட்டுத் திண்ணைக்கு அருகே நிற்கிறது. கடிதத்தை ஒரே தாளில் முடித்து, வெற்று உறையையும் உள்ளே வைத்துத் தபால் நிலையத்தில் நிறுத்துப் பார்த்தபோது 17 கிராம் இருந்தது. மடிப்பில் முதுகுக் கோடு அரை விரல் அளவு விலகிவிட்டதால், அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மூடுபனி வரைந்திருக்கிறேன்.