‘சட்டபூர்வக் கோட்பாடு’ போதுமா?

குழுமத்தாருக்கு வணக்கம். செயல் நடந்தபோது நடைமுறையிலிருந்த சட்டம் குற்றமென்று சொல்லாத எதற்கும் ஒருவரைத் தண்டிக்கலாகாது, அன்றிருந்ததைவிடக் கூடுதலாகவும் தண்டிக்கலாகாது என்னும், இந்திய அரசமைப்பின் 20(1)ஆம் உறுப்பைத் திங்கட்கிழமை வகுப்பில் நடத்த வேண்டும். பாடக்குறிப்பில் இதற்குப் பெயராகச் ‘சட்டபூர்வக் கோட்பாடு’ என்று எழுதிவிட்டு அடித்தேன். 1933 பிப்ரவரி 27இல் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தபோது தீவைப்புக்கு மரண தண்டனை கிடையாது. மார்ச் 29இல் சட்டமியற்றி, அத்தண்டனையை முந்தைய செயல்களுக்கும் நீட்டி, தீவைத்ததாகத் தண்டிக்கப்பட்ட வான் டெர் லுப்பேயின் தலையை வெட்டினார்கள். சட்டம் இருந்தது, முன்னதாக இல்லை. ஆகவே ‘முன்சட்டக் கோட்பாடு’ எனலாமா?

* * *

அம்மா, வடமொழியில் ‘பூர்வம்’ என்றாலே முன் என்பதுதான் பொருள். அடித்த சொல்லையே தமிழில் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். ‘முன்சட்டம்’ என்றால் மாணவர் பழைய சட்டம் என்றே படிப்பார். மேலும், எந்தப் பிரிவிலும் அடங்காத செயலையும், அது மக்களின் நல்லுணர்வுக்கு ஒவ்வாததாக இருந்தால், ஒப்புமையுள்ள வேறொரு பிரிவைக் கொண்டு தண்டிக்கலாம் என்று 1935இல் அதே ஜெர்மனி திருத்தம் செய்தது. அங்கே கெட்டது காலமுறையன்று, திட்டவட்டம். ஜெர்மன் சட்ட அறிஞர் ஃபாயர்பாக் 1801இல் இலத்தீனில் வகுத்ததை ஒட்டிச் ‘சட்டமின்று குற்றமில்லை’ எனலாம். ‘இன்றி’யின் இகரம் உகரமாவதற்குத் தொல்காப்பியமே இடந்தருகிறது.

* * *

ஐயா, அந்த விதி செய்யுளுக்கு மட்டுமே. தண்டனைச் சட்டம் இன்னும் உரைநடையில்தான் இருக்கிறது. ‘சட்டம் இன்று’ என்று பிரித்துப் படித்தால், இன்று சட்டம் போட்டு நேற்றைய செயலைத் தண்டிப்பது என்ற நேர்மாறான பொருளே வந்து நிற்கும். இலங்கையில் எமக்கு அது வெறும் இலக்கணமன்று. 1962 ஆட்சிக் கவிழ்ப்புச் சதி முயற்சிக்குப் பிறகு இயற்றிய சட்டம், குற்றத்தின் வரையறையையே பின்னோக்கி விரித்தது. அதன்கீழ் வந்த தீர்ப்பை, பாராளுமன்றம் நீதித்துறையின் அதிகாரத்தில் கைவைத்ததென்று சொல்லி, 1965இல் எமது அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் இரத்துச் செய்தது. இதைத் தடுக்கும், எமது அரசியலமைப்பின் இன்றைய 13(6)ஆம் உறுப்புரை பிற்பாடு வந்தது. காலம், திட்டவட்டம் இரண்டையும் தாங்க ‘முன்வரையறைக் கோட்பாடு’ என்று வைப்போம்.

* * *

தலைப்பில் ‘முன்வரையறைக் கோட்பாடு’, அதன்கீழ்ச் ‘சட்டமின்றிக் குற்றமில்லை’ என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். ‘முன்’ இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று ஐயா மறுமடல் அனுப்பிவிட்டார்; அதற்கு என்னிடம் விடையில்லை, அச்சகம் மாலை ஐந்துக்கு மூடிவிடும்.