ஆக்ஸ் வயர்ல பாட்டு போட்டா ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி போன் தானா சவுண்ட கொறச்சிடுது, வழி சொல்லுங்க

டெய்லர் கடை பையன், பழைய வண்ணாரப்பேட்டை

வணக்கம் மக்களே. எம்.சி. ரோடு பின்னாடி சந்துல எங்கப்பா டெய்லர் கடை வச்சிகினு இருக்காரு. ரெண்டு பவர் மிஷின், ஒரு ஓவர்லாக், மூணும் ஒண்ணா ஓடுச்சின்னா பக்கத்துல நிக்கறவர் பேசறதே கேக்காது. காலைல பத்து மணிக்கு கடை தொறந்தா ராத்திரி ஒம்போது வரைக்கும், மதியம் சாப்பாட்டு நேரம் ஒரு மணி நேரம் தவிர, பழைய பாட்டு ஓடிகினே இருக்கணும் அவருக்கு, அது இல்லன்னா கை வேலைல நிக்காதுன்னு சொல்வாரு. போன்ல இருந்து ஆக்ஸ் வயர் போட்டு பழைய அசெம்பிள் ஆம்ப்ளிஃபயர்ல குடுத்து வச்சிருக்கோம், பிளைவுட் பொட்டில எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் ரெண்டு.

பிரச்சன இன்னான்னா நல்லா ஃபுல் சவுண்டுல ஓடிகினு இருக்கும், பாட்டு நடுவுல திடீர்னு டபக்குனு எறங்கிடும். போன எடுத்து பாத்தா வால்யூம் கோடு மூணுல ரெண்டு பங்குல வந்து நிக்குது. பிளஸ் பட்டன அமுக்கினா ஏறாது, ஸ்கிரீன ஆன் பண்ணாதான் காதுக்கு கெடுதல், ஏத்தட்டுமான்னு ஒண்ணு கேக்குது. அப்பா மிஷின்ல கால வச்சிகினு ரெண்டு கையும் துணில இருக்கும், அத்த விட்டுட்டு எழுந்து வந்து கண்ணாடி மாட்டி எழுத்துக்கூட்டி படிச்சு ஓகே அமுக்கறதுக்குள்ள அவருக்கு வர்ற கோவம் இருக்கே. காதுல யாரும் ஹெட்போன் மாட்டல, அப்புறம் எதுக்கு இந்த எச்சரிக்க? ஆண்ட்ராய்டு 12. போன ரீசெட் கூட அடிச்சி பாத்துட்டேன், பேட்டரி சேவர் ஆஃப், ஒண்ணும் மாறல.

கொடுங்கையூர் கார்த்தி

தம்பி, சவுண்ட் பூஸ்டர் ஆப் ஒண்ணு போடு, 200 பர்சன்ட் வரைக்கும் ஏத்தலாம். நான் அதுதான் வச்சிருக்கேன்.

டெய்லர் கடை பையன்

போட்டு பாத்தேன் ப்ரோ. பாட்டு கரகரன்னு உடையுது, நடுவுல விளம்பரம் வேற கத்துது. அப்பா அன்னிக்கே அழிக்க சொல்லிட்டாரு.

எண்ணூர் லோக்கல்

டெவலப்பர் ஆப்ஷன்ல போயி ஆப்சல்யூட் வால்யூம டிசேபிள் பண்ணுங்க. பில்ட் நம்பர ஏழு தடவ தட்டினா அந்த மெனு வரும்.

சால்டர் அயர்ன், ராயபுரம்

அது புளூடூத்துக்கு மட்டும்தான் ப்ரோ, போன் வால்யூமும் ஸ்பீக்கர் வால்யூமும் ஒண்ணா ஏறாம தனித்தனியா ஏற்றதுக்கு. இவரு வயர் போட்டிருக்காரு, அதனால பிரயோஜனம் இல்ல.

டெய்லர் கடை தம்பி, ஒரு கேள்வி. சவுண்டு எறங்கினது என்னைக்கு, எத்தினி மணிக்குன்னு எங்கயாவது குறிச்சி வச்சிருக்கியா? குறிப்பு இருந்தா அப்படியே போடு, எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு.

டெய்லர் கடை பையன்

இருக்குண்ணா. அப்பா அளவு எழுதற நோட்டுல பின்பக்கம் குறிச்சிருக்காரு, எனக்கே இப்பதான் தெரியும். போன திங்கள் ராத்திரி 7.40, புதன் 8.05, வெள்ளி 8.30. பக்கத்துல ஒரு கஸ்டமரோட இடுப்பு அளவும் எழுதிருக்கு. ஞாயித்துக்கிழமை கடை லீவு.

சால்டர் அயர்ன், ராயபுரம்

உங்கப்பாவுக்கு ஒரு கும்பிடு, அவரு எழுதி வச்சதுலயே விடை இருக்கு.

ஆண்ட்ராய்டுக்குள்ள ஒரு கணக்கு ஓடும். ஹெட்போன் ஜாக்ல எதையாவது சொருகி, பாதுகாப்பான அளவுன்னு வச்சிருக்கற கோட்டுக்கு மேல பாட்டு ஓடினா அந்த நேரத்த மட்டும் சேத்துகினே வரும். மொத்தம் 20 மணி நேரம் ஆச்சின்னா வால்யூம அந்த கோட்டுக்கு இறக்கிட்டு, திரும்ப நீ ஓகே சொன்னாதான் மேல விடும். சொன்னதும் கணக்கு சைபர்ல இருந்து ஆரம்பிக்கும். போன ஆஃப் பண்ணி போட்டாலும் சேத்த நேரம் அழியாது. ஆண்ட்ராய்டோட சொந்த கணக்குல 15 படில 10வது படிதான் அந்த கோடு, நீ சொன்ன மூணுல ரெண்டு பங்கு அதான், கம்பெனிக்காரங்க கொஞ்சம் முன்ன பின்ன மாத்தி வைப்பாங்க.

இப்ப உன் கடை கணக்கு பாரு. ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் பாட்டு. ரெண்டு நாளைக்கு 20. திங்கள் 7.40க்கு ஓகே குடுத்தா புதன் 7.40க்கு விழணும், ஆனா நடுவுல போன் கால் வந்தா பாட்டு நிக்கும், அந்த நேரம் கணக்குல சேராது, அதான் ஒவ்வொரு வாட்டியும் இருவத்தஞ்சு நிமிஷம் தள்ளி போயிருக்கு. சனிக்கிழமை பத்து மணி நேரம், ஞாயிறு லீவு, அப்ப அடுத்தது வர்ற திங்கள் ராத்திரி எட்டரைக்கு மேல விழும். பாத்துட்டு வந்து சொல்லு.

இது எங்க இருந்து வந்ததுன்னா ஐரோப்பாவுல. அங்க 2013ல இருந்து விக்கிற பிளேயர், போன் எல்லாத்துலயும் ஆரம்பத்துல 85 டெசிபல்ல நிக்கணும், கேக்கறவரு தெரிஞ்சே ஒத்துகினா 100 வரைக்கும் போலாம், 20 மணி நேரத்துக்கு ஒருவாட்டி திரும்ப கேக்கணும். ஆண்ட்ராய்டு சிம்மோட நாட்டு கோடு வச்சி இத்த ஆன் பண்ணலாமா வேணாமான்னு பாக்கும், நம்ம ஊருக்கு 404, 405ன்னு வரும். ஆனா சில கம்பெனி போன்ல எந்த நாட்டு சிம் போட்டாலும் ஆன்லயே இருக்கு.

போனுக்கு ஜாக்ல இன்னா சொருகிருக்குன்னு மட்டும்தான் தெரியும், வயரோட அந்த முனைல காது இருக்கா ஆம்ப்ளிஃபயர் இருக்கான்னு தெரியாது. உங்கப்பாவ போன் ஹெட்போன் மாட்டிகினு ரெண்டு நாளா கழட்டாத ஆளுன்னு நெனச்சிகினு இருக்கு.

எண்ணூர் லோக்கல்

அட, இது தெரியாம நான் எத்தினி வாட்டி போன திட்டிருக்கேன். எனக்கு ஐபோன், டெய்லி எண்ணூர்ல இருந்து பீச் ஸ்டேஷன் வரைக்கும் ட்ரெயின்ல போறேன், ஜன்னலோரம் ஒக்காந்தா சத்தத்துல பாட்டே கேக்காது, ஃபுல்லா வச்சி கேட்டா வாரம் பாதில ஒரு மெசேஜ் வந்து தானா கொறச்சிடுது. எனக்கும் 20 மணி நேர கணக்கா?

சால்டர் அயர்ன், ராயபுரம்

இல்ல, அது வேற கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்ன அளவு, பெரியவங்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபல்ல 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினா நேரம் பாதியாகும். 83ல 20 மணி நேரம், 86ல 10, 89ல 5 மணி நேரம்தான் மொத்த வாரத்துக்கும். ஐபோன் ஏழு நாள் கணக்க சேத்து பாக்கும், ஆண்ட்ராய்டு 14ல இருந்தும் இந்த மாதிரி ஏழு நாள் கணக்கு வந்துடுச்சி.

உங்களுக்கு நான் சொல்றது, லிமிட்ட தூக்காதீங்க. இயர்பட்ஸ்ல ரப்பர் டிப் மூணு சைஸ் குடுத்திருப்பாங்க, நாம முதல்ல மாட்டி இருக்கறதையே கடைசி வரைக்கும் வச்சிருப்போம், பெரிய சைஸ மாட்டி பாருங்க. வெளிச்சத்தம் உள்ள வராம அடைச்சாலே வால்யூம் நாலு படி கம்மியா வச்சாலும் பாட்டு கேக்கும்.

ஷேர் ஆட்டோ, திருவொற்றியூர்

அண்ணே எனக்கும் ஐபோன், ஆனா நான் காதுல மாட்டறது இல்ல, ஆட்டோல புளூடூத் ஸ்பீக்கர். அதுக்கும் ஹெட்போன் எச்சரிக்க வருது.

சால்டர் அயர்ன், ராயபுரம்

செட்டிங்ஸ்ல புளூடூத் போயி அந்த ஸ்பீக்கர் பேருக்கு பக்கத்துல ஐ போட்ட வட்டத்த அமுக்குங்க, டிவைஸ் டைப்னு இருக்கும், ஸ்பீக்கர்னு மாத்துங்க. அவ்ளோதான்.

பெரம்பூர் பெரியவர்

நான் கொஞ்சம் சொல்லலாமா. எல்லாரும் லிமிட்ட எப்டி தூக்கறதுன்னு கேக்கறீங்கோ. நான் 27 வருஷம் ஃபேப்ரிகேஷன் ஷாப்ல கிரைண்டர் சத்தத்துல வேல பாத்தவன், காதுல பஞ்சு கூட வைக்க மாட்டேன். இப்ப எந்நேரமும் உள்ள ஙொய்ய்ய்னு ஒரு சத்தம், பேரன் பேசறான், உதடு அசையறது தெரியுது, இன்னா சொல்றான்னு தெரில. ஸ்டான்லில காது டெஸ்ட் எடுத்தப்ப டாக்டரம்மா கிராஃப் காட்டினாங்க, ஒரு பக்கம் அப்டியே சரிஞ்சி கீது. உள்ள இருக்கற மெல்லிசான முடி மாதிரி செல்லு, போனா திரும்ப முளைக்காதுன்னாங்க. ஆம்ப்ளிஃபயருக்கு எத்த வேணா பண்ணுங்கோ, காதுல மாட்டறதுக்கு மட்டும் அந்த எச்சரிக்கைய விட்டு வையுங்கப்பா.

டெய்லர் கடை பையன்

ஐயா நீங்க சொன்னது மனசுல நிக்குது, ஏன்னா நேத்து ராத்திரி ஒண்ணு நடந்துச்சி, சொல்றேன்.

மொதல்ல சால்டர் அண்ணா, திங்கக்கிழமை 8.40க்கு விழுந்துச்சி. நானும் அப்பாவும் எட்டரைல இருந்து போனயே பாத்துகினு நின்னோம், அவரு காஜா போட்டுகினு இருந்தவரு ஊசிய துணில குத்தி வச்சிட்டு வந்து நின்னாரு. எறங்கின உடனே என் தோள்ல ஒரு அடி போட்டு, சொன்ன ஆளு சரியான ஆளுடான்னாரு.

நேத்து நடந்தது இன்னான்னா, தங்கச்சி ராத்திரி அப்பா போன்லதான் டி.என்.பி.எஸ்.சி. கிளாஸ் வீடியோ பாப்பா. நூறு ரூபா இயர்போன், மைக் கிடையாது. சொருகி வீடியோவ போட்டதும் ஆன்னு கத்திகினு கழட்டி வீசிட்டா. பாத்தா கடைல வச்ச ஃபுல் வால்யூம் அப்டியே நிக்குது. பாதி ராத்திரி வரைக்கும் ஒரு காதுல கூவுதுன்னு சொல்லிகினு இருந்தா, காலைல சரியாயிடுச்சி. இது எப்டிண்ணா, ஆம்ப்ளிஃபயர் வால்யூம் தனி இயர்போன் வால்யூம் தனி கிடையாதா?

சால்டர் அயர்ன், ராயபுரம்

தங்கச்சிக்கு கூவறது திரும்ப வந்தா தள்ளிப்போடாம டாக்டர் கிட்ட கூட்டிகினு போ.

ஜாக்கோட முனைய பாரு. மைக் இருக்கற இயர்போன்ல கருப்பு வளையம் மூணு இருக்கும், மைக் இல்லாததுல ரெண்டு. ஆக்ஸ் வயர்லயும் ரெண்டுதான். போன் மூணு வளையத்துக்கு ஒரு வால்யூம், ரெண்டு வளையத்துக்கு ஒரு வால்யூம்னு ஞாபகம் வச்சிக்கும். உன் ஆக்ஸ் வயரும் அந்த நூறு ரூபா இயர்போனும் போனுக்கு ஒரே ஆளு. அதனால இன்னிக்கே மைக் வச்ச இயர்போன் ஒண்ணு வாங்கி குடு.

கம்ப்யூட்டர்ல போன கனெக்ட் பண்ணி கமாண்ட் குடுத்து அந்த 20 மணி நேர கணக்க சைபர் ஆக்கற வழி ஒண்ணு இருக்கு, நான் சொல்லலாம்னுதான் இருந்தேன். இத்த கேட்ட பிறகு சொல்ல மாட்டேன். வேற வழில போலாம். ஆம்ப்ளிஃபயர்ல இன்னா போர்டு? போன்ல ஏன் ஃபுல்லா வைக்க வேண்டியிருக்கு?

டெய்லர் கடை பையன்

4440 போர்டுண்ணா, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர். அப்பா கல்யாணத்துக்கு முன்னாடி ரிச்சி ஸ்ட்ரீட்ல சாமான் வாங்கி ஒரு ரேடியோ மெக்கானிக் கிட்ட அசெம்பிள் பண்ணது. வால்யூம் திருப்புற குமிழ் எப்பவோ ஒடஞ்சி போயி அந்த தண்டுல காலி நூல்கண்டு ஒண்ண சொருகி வச்சிருக்காரு. அத்த தொட்டாலே கரகரன்னு கத்தும், ஒரு பக்க ஸ்பீக்கர் செத்துடும், அதனால கால்வாசில ஒரு எடத்துல நிறுத்தி வச்சிட்டு யாரும் தொடறது இல்ல. ஏத்தறது எறக்கறது எல்லாம் போன்லதான்.

சால்டர் அயர்ன், ராயபுரம்

வியாதி அங்க இருக்கு தம்பி. 4440ங்கறது சவுண்ட பெருக்கற ஐ.சி., அது உள்ளுக்குள்ளயே 51 டெசிபல் பக்கம் பெருக்கும், அதாவது வர்ற சிக்னல முந்நூறு மடங்குக்கு மேல. அதுக்கு போன்ல பாதி வால்யூமே ஜாஸ்தி. வால்யூம் கண்ட்ரோலுக்குள்ள இருக்கற கார்பன் பட்டை தேஞ்சி தூசி ஏறிடுச்சி, அதான் கரகரப்பு. நீங்க ஆம்ப்ளிஃபயர் கழுத்த நெருக்கி வச்சிட்டு போன கத்த சொல்லிகினு இருக்கீங்க.

பிளக்க சுவத்துல இருந்து புடுங்கு, சுவிட்ச மட்டும் ஆஃப் பண்ணா பத்தாது, உள்ள 230 வோல்ட் வருது. கெப்பாசிட்டர்ல நிக்கற கரண்ட் எறங்க கொஞ்ச நேரம் விடு. கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே இருந்தா கண்ட்ரோல் ஓட்டைல ஒரு பீச்சு அடிச்சி இந்த கோடிக்கும் அந்த கோடிக்கும் முப்பது வாட்டி திருப்பு. சரியாகலன்னா புதுசு மாத்து, ஸ்டீரியோங்கறதால டபுள் கண்ட்ரோல், 100கே, மேல 'A' எழுத்து போட்டது கேளு. 'B' எழுத்து போட்டத குடுத்தா லேசா திருப்பும்போதே சவுண்டு தூக்கிடும். சால்டரிங் பழக்கம் இல்லன்னா மெக்கானிக் கிட்ட குடு, பழைய கண்ட்ரோல்ல எந்த கால்ல எந்த வயர்னு முன்னாடியே போட்டோ எடுத்து வச்சிக்க.

கொடுங்கையூர் கார்த்தி

புளூடூத் ரிசீவர் ஒண்ணு வாங்கி ஆம்ப்ளிஃபயர்ல சொருகிட்டா ஜாக் பிரச்சனையே இல்லையே?

சால்டர் அயர்ன், ராயபுரம்

நடக்கும், ஆண்ட்ராய்டு 12ங்கறதால அந்த 20 மணி நேர கணக்கும் புளூடூத்துக்கு வராது. ஆனா கரகரக்கற கண்ட்ரோல் அப்டியேதான் இருக்கும்.

டெய்லர் கடை பையன்

பதினஞ்சு நாள் கழிச்சி வந்து எழுதறேன், மன்னிக்கணும், பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் நேரம்.

கிளீனர் அடிச்சதுல ஒரு நாள் நல்லா இருந்துச்சி, மறுநாள் திரும்ப கரகர. புது கண்ட்ரோல் வாங்கி தண்டையார்பேட்டைல ஒரு மெக்கானிக் கிட்ட மாத்தினேன், அவரு பழசோட மூடிய தொறந்து காட்டினாரு, கருப்பு பட்டைல வெள்ளையா ஒரு கோடு, நாங்க நிறுத்தி வச்ச எடத்துலயே தேஞ்சி போயிருக்கு. இப்ப போன் 15 படில எட்டுல நிக்குது, ஆம்ப்ளிஃபயர்ல பாதி கூட திருப்பல, கடை முழுக்க கேக்குது. கோட்டுக்கு மேலயே போறது இல்லங்கறதால கணக்கும் ஏறல, இந்த பதினஞ்சு நாள்ல ஒருவாட்டி கூட எறங்கல. தங்கச்சிக்கு மூணு வளையம் போட்ட இயர்போன் வாங்கி குடுத்தாச்சி, அவளோட லிமிட்ட தொடல.

புது கண்ட்ரோலோட தண்டு கொஞ்சம் மெல்லிசு, நூல்கண்டு நிக்காம சுத்திச்சி. அப்பா அதுல கேன்வாஸ் துண்டு ஒண்ண ரெண்டு சுத்து சுத்தி திரும்ப அதையே மாட்டிட்டாரு.

எண்ணூர் லோக்கல்

பெரிய சைஸ் டிப் மாட்டினேன் சால்டர் அண்ணா. ரெண்டு வாரமா மெசேஜ் வரல.