25 டாலர் வைல்ட் டர்க்கி 101 இருக்க, பாப்பிக்கு ஏன் இந்த அலைச்சல்?

ஓக்பீப்பாய்:
அமெரிக்க விஸ்கியான போர்பன் என்று யார் ஆரம்பித்தாலும் பேச்சு பாப்பி வான் விங்கிள் என்ற அரிய பாட்டிலில் போய் நிற்கிறது. அதை வாங்கும் வாய்ப்புக்கான லாட்டரியில் பெயர் விழுந்ததா, எவ்வளவுக்கு வாங்கினாய், இவ்வளவுதான். குடித்தால் எப்படி இருந்தது என்று சொல்பவர்கள் அபூர்வம். அமெரிக்காவில் பெரும்பாலான கடைகளில் 25 டாலர் வாக்கில் கிடைக்கும் வைல்ட் டர்க்கி 101 எனக்குப் போதும். கெண்டக்கி மாநிலத்தின் லாரன்ஸ்பர்க்கில் 1954இல் வேலைக்குச் சேர்ந்த ஜிம்மி ரஸ்ஸல் கட்டிக்காத்த சரக்கு, ஆல்கஹால் 50.5 சதவீதம். பீப்பாயின் உட்புறம் முதலைத் தோல் மாதிரி வெடிக்கும்வரை கருக்குகிறார்கள். ராவாக ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். முதலில் கருகிய சர்க்கரை, அப்புறம் ரை தானியத்தின் மிளகுக் காரம். விழுங்கிய பிறகும் தொண்டையில் பட்டையின் வாசம் நிற்கும்.

கோதுமைக்காரன்:
101 நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் பாப்பியோடு ஒப்பிடுவது சரியில்லை அண்ணே. அதில் ரைக்குப் பதில் கோதுமை. 15, 20, 23 வருடம் என்று பீப்பாயில் கிடந்து வருகிறது. அந்த வழுவழுப்பு 101இல் வரவே வராது. கெண்டக்கி வெயிலில் வருடா வருடம் பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவதே ஏராளம். மிஞ்சுவது குறைவு என்றால் விலை ஏறத்தானே செய்யும்?

ஓக்பீப்பாய்:
தயாரிப்பாளர் கேட்பது சில நூறு டாலர். 23 வருடப் பாட்டில் கைமாறுவதோ ஆயிரக்கணக்கில். நடுவில் உள்ள பணம் பதுக்கி விற்பவனுக்குப் போகிறது, பீப்பாயில் ஆவியானதற்கு இல்லை. ஒரிகனில் மாநில மதுத் துறையின் உயர் அதிகாரிகளே பாப்பி போன்ற பாட்டில்களைத் தங்களுக்கென்று ஒதுக்கிக்கொண்டது 2023இல் வெளியே வந்தது. இன்னொன்று, வயது கூடினால் ருசி கூடும் என்பது போர்பனுக்கு அப்படியே பொருந்தாது. ஸ்காட்ச் பெரும்பாலும் பழைய பீப்பாயில் ஊறுகிறது. போர்பனுக்குப் புதிதாகக் கருக்கிய ஓக் கட்டாயம். 20 வருடம் தாண்டினால் மரத்தின் கசப்பு மேலே வந்துவிடுகிறது.

மேல்தட்டு:
வெல்லர் என்ற போர்பனின் கதையையும் சொல்லுங்கள். பாப்பி தயாராகும் அதே பஃபலோ டிரேஸ் வடிப்பாலை, அதே கோதுமைக் கலவை. ஒரு காலத்தில் சீந்துவாரில்லாமல் கிடந்தது. 'ஏழைகளின் பாப்பி' என்று பேச்சு பரவியதும் அலமாரி காலி. எங்கள் ஊர்க் கடை ஒன்றில் வெல்லர் கேட்டால், விற்காமல் தேங்கிய ரம்மையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார்கள்.

கோதுமைக்காரன்:
அந்த அநியாயத்துக்கு நானும் எதிரிதான். ஆனால் தேடுவதிலும் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தன்று மாலை ஒரு பாப்பி 15ஐத் திறந்து வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றினேன். சித்தப்பா இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார். சுலபமாகக் கிடைக்கும் பாட்டிலுக்கு அந்த மதிப்பு வருமா?

ஓக்பீப்பாய்:
திறந்து ஊற்றினீர்கள், அதில் எனக்குச் சண்டையே இல்லை. மூடியைத் தொடாமல் அடுக்கி வைப்பவர்களால்தான் விலை இப்படிப் போகிறது. 101 பிடிக்காவிட்டால் வெள்ளை லேபிள் எவான் வில்லியம்ஸ் இருக்கிறது, இன்னும் மலிவு. அமெரிக்காவின் 1897ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே வடிப்பாலையில் ஒரே பருவத்தில் வடித்து, அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் நான்கு வருடமாவது வைத்து, 50 சதவீதத்தில் அடைத்தது. அந்தக் காலத்தில் வெறும் சாராயத்துக்குப் புகையிலைச் சாறு கலந்து நிறமேற்றி விற்றதைத் தடுக்க வந்த சட்டம் அது. லேபிளில் இத்தனை உத்தரவாதம் உள்ள பாட்டிலை வேறு எங்கே இந்த விலைக்குத் தேடுவது?

புதுவரவு:
எனக்கு ரையின் காரம் ஒத்துக்கொள்ளவில்லை. கோதுமை போட்டதில் சுலபமாகக் கிடைப்பது ஏதாவது உண்டா?

கோதுமைக்காரன்:
மேக்கர்ஸ் மார்க், இல்லையென்றால் லார்செனி. இரண்டுக்கும் வரிசையில் நிற்க வேண்டாம், இதில் அண்ணன் பக்கம்தான் நான். லார்செனி 46 சதவீதம். முதலில் ராவாகக் குடித்துப் பாருங்கள், எரிந்தால் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஐஸ் மட்டும் வேண்டாம், மணம் அடங்கிவிடும்.